ஊசிக்குக் கேட்டேன், கத்திக்குக் கேட்கவில்லை

ஒன்றரை வருஷம் எனக்கு உட்கார முடியவில்லை. நிற்பேன், நடப்பேன், ஒருக்களித்துப் படுப்பேன். உட்கார்ந்தால் மட்டும் வால் எலும்புக்குள் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி எரியும். நடுவில் இரண்டு தடவை சரியானது. இரண்டு தடவையும் திரும்பி வந்தது. திரும்பி வரும்போதெல்லாம் போனதைவிடக் கூடுதலாகவே வந்தது.

நம் கிருத்திகைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் மல்லிகா. கோவளம் கரையில் மீன் விற்கிறேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். குன்றத்தூர் மலையில் இருக்கிற முருகன்தான் எனக்கு எல்லாம். கிருத்திகை அன்று மீன் கூடையைத் தொட மாட்டேன். தலைக்குக் குளித்து, கவுச்சி வாடை போக இரண்டு தரம் மஞ்சள் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவேன்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் விட மாட்டேன். மீனை அறுத்தால் அதன் வயிற்றில் என்ன தின்றிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குடலை வீசுவேன். "வாயை வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியாமே நீ?" என்று என் வீட்டுக்காரர் கத்துவார். அப்படிப்பட்ட நான் என் உடம்பைப் பற்றி மட்டும் முதல் சில மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இடம் அப்படி. எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஆரம்பித்தது ஒரு தை மாதம். பொங்கல் கழிந்து முதல் நாள் வியாபாரம். அருவாமனையில் உட்கார்ந்து வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. இருமினதும் இடுப்புக்குக் கீழே ஒரு வெட்டு வெட்டியது. கால் சுண்டுவிரல் வரை மின்சாரம் ஓடியது. எழுந்து நின்றேன், குறைந்தது. உட்கார்ந்தேன், மறுபடியும் வந்தது. அன்றிலிருந்து நின்றபடியேதான் விற்றேன். ஆனால் மீன் விற்றால் போதுமா? அறுத்துக் கொடுக்க வேண்டுமே. குனிந்து நின்று அறுக்க முடியாது. என் பக்கத்தில் விற்கிற செல்விதான் தன் வாடிக்கையை ஓரமாக நிறுத்திவிட்டு என் மீனையும் அறுத்துக் கொடுத்தாள். எத்தனை நாள்தான் ஒருத்தி அப்படிச் செய்வாள்? மனசுக்குள் கூசிப் போனேன்.

உட்கார முடியாத பொம்பளை என்றால் ஊருக்கு ஒரே ஒரு வியாதிதான் தெரியும். மூலம். கரையில் இருந்த அத்தனை பேரும் எனக்கு வைத்தியர் ஆனார்கள். ஒருத்தி துத்திக் கீரை பறித்து வந்தாள். இன்னொருத்தி கருணைக்கிழங்கு கொண்டுவந்தாள். வாரக்கணக்கில் தின்று தீர்த்தேன். மீன் வாங்க வருகிற ஒரு ரிட்டயர்டு சார் வேறு, ஆள் பார்க்காத நேரம் பார்த்து ஒரு களிம்பை என் கையில் திணித்துவிட்டுப் போனார். வெட்கத்தில் செத்துப்போனேன்.

கடைசியில் செல்வியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் என்று அத்தனை தூரமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் சீட் காலியாக இருந்தது. கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

அங்கே நான் செய்த முட்டாள்தனத்தை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. டாக்டர் கேட்டார், "உட்கார்ந்தா வலிக்குதாம்மா?" நான் "இல்லை சார்" என்றேன். பொய் சொல்லவில்லை. நான்தான் உட்காருவதையே விட்டுவிட்டேனே! உட்காராத ஆளுக்கு உட்கார்ந்தால் எப்படி வலிக்கும்? அவர் இடுப்பு வலி என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். வெளியில் வந்து சொன்னதும் செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா நீ? உக்கார முடியலன்னு சொல்றதுக்குத்தானே இவ்ளோ தூரம் வந்தோம்?"

அடுத்த தடவை செல்வியே பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். அதன் பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முதுகெலும்பு முடிகிற இடத்தில், இடுப்பெலும்புக்கு நடுவே, நரம்பு வேரில் தண்ணீர் கோத்த பைகள் இருக்கின்றன என்று வந்தது. முதலில் பார்த்தவர், "இது பல பேருக்கு இருக்கும்மா, அதுவா எதுவும் பண்ணாது" என்று சொல்லிவிட்டார். இன்னொரு டாக்டர்தான் படத்தை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பெரிய பை பக்கத்து எலும்பையே அரித்திருக்கிறது, இது சும்மா இருக்கிற பை இல்லை என்றார்.

ஆடி மாதம் ஊசி போட்டார்கள். ஸ்கேனில் பார்த்தபடியே நீளமான ஊசியை விட்டுத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, பைக்குள் பசை மாதிரி ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். மறுநாளே உட்கார்ந்தேன்! பஸ்ஸில் ஜன்னலோரச் சீட். முருகா முருகா என்று வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தேன். ஐப்பசியில் மழை தொடங்கியபோது வலியும் தொடங்கியது. பை மறுபடி நிரம்பியிருந்தது. இரண்டாவது ஊசி. இந்த முறை ஆறு வாரம்தான் தாங்கியது. மார்கழியில் மறுபடியும் நின்றேன்.

"இன்னொரு தடவை ஊசி போட்டுப் பார்க்கலாம். இல்லன்னா ஆபரேஷன்தான். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் ஊசி டாக்டர்.

யோசிக்க எனக்குத் திராணி இல்லை. எங்கள் வீட்டில் பெரிய முடிவு எது என்றாலும் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்போம். கல்யாணம், புதுப் படகு, மனை எல்லாம் அப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். கேட்க வேண்டியதை மனசில் சொல்லி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. தை கிருத்திகைக்கு மறுநாள் கூட்டம் இல்லாத வேளையில் மலை ஏறினேன். ஒரே அளவுத் தாளில் நந்தியாவட்டை ஒன்றும் செவ்வரளி ஒன்றும் மடித்து, சன்னதிக்கு எதிரே ஓரமாக வைத்தேன். குழந்தை யாராவது எடுத்துக் கொடுத்தால் நல்லது என்பார்கள். அன்றைக்குப் பார்த்து ஒரு குழந்தையும் கண்ணில் படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, இந்த ஊசியைப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டு நானே எடுத்தேன்.

செவ்வரளி.

அப்படியே தூணில் சாய்ந்துவிட்டேன். அவனே கைவிட்டுவிட்டான் என்று தோன்றியது. "ஏன்?" என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தடவைக்கு மேல் பூக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இறங்கி வந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. வைத்தியமே வேண்டாம் என்று சாமி சொல்லிவிட்டதாக வீட்டில் சொன்னேன். "சாமி சொல்லிட்டா சரிதாம்மே" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை.

இனிமேல் எழுதப் போவது சொல்லக் கூச்சமான விஷயம். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பங்குனி மாதம். காலை ஏலம் முடிந்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து வந்துகொண்டிருந்தேன். காலெல்லாம் ஈரம். கூடையிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் என்று நினைத்தேன். மீன்காரிக்குப் புடவை நனைவது ஒரு விஷயமா? நாலு எட்டு நடந்த பிறகுதான் உறைத்தது. அந்தத் தண்ணீர் சூடாக இருந்தது.

எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு அலைக்குள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதேன். கரையில் நின்றால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று பயம். செல்வி ஓடி வந்தாள். அவளிடம் மட்டும் சொன்னேன். இன்றைக்கு நடந்தது மட்டும் இல்லை. பத்து நாளாகவே அந்த இடமெல்லாம் மரத்துப்போயிருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம் வா" என்றாள்.

"முருகன் வேணாம்னுட்டான் செல்வி. சிவப்பு வந்துச்சு."

"நீ இன்னா கேட்ட?"

"ஊசி போட்டுக்கட்டுமான்னு கேட்டேன்."

அலை வந்து இரண்டு பேரையும் ஒரு தள்ளு தள்ளியது. அவள் என் கையை விடவில்லை.

"ஊசிக்குத்தானேக்கா கேட்ட? கத்திக்குக் கேட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீனின் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் கிளறிக் கேள்வி கேட்கிறவள், சாமி சொன்ன பதிலை மட்டும் சரியாகப் படிக்கவில்லையே! அவன் ஊசி வேண்டாம் என்றுதானே சொன்னான்? வைத்தியமே வேண்டாம் என்று நானாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டு மாதம் முருகன் மேல் கோபமாக இருந்தேன். அவன் என்ன செய்வான் பாவம்!

என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அன்றே கிளம்பினோம். நரம்பு ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார். ஒண்ணுக்குப் போவதே தெரியவில்லை என்றதும் அவர் முகம் மாறியது. இன்னும் தள்ளிப் போடக் கூடாது என்றார். புதிதாகப் படம் எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் வரைந்து காட்டினார். மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றித் தண்ணீர் ஓடுகிறதாம். அது நரம்பு வேரின் உறைக்குள் புகுந்து, உள்ளே போவது சுலபமாகவும் வெளியே வருவது கஷ்டமாகவும் ஆகிவிட்டால் உறை பை மாதிரி வீங்கி நரம்பை நசுக்குமாம். இருமினால், முக்கினால், உட்கார்ந்தால் அழுத்தம் கூடுமாம்.

எனக்கு வலி மறந்துபோனது. "அந்தத் தண்ணி எங்கேருந்து டாக்டர் வருது? எடுத்தா தீந்துடாதா?"

"தீராதும்மா. மூளைக்குள்ளேயே ஊறிக்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்கே பல தடவை புதுசா மாறிடும். அதனாலதான் ஊசியில எடுத்தாலும் திரும்ப நிரம்புச்சு."

என் தலைக்குள் ஒரு ஊற்று இருக்கிறது என்று எனக்கு நாற்பத்தாறு வயது வரை தெரியாது.

"கத்தாழை மீன் வயித்துல நெட்டின்னு ஒரு காத்துப் பை இருக்கும் டாக்டர். அது மாதிரியா?"

அவருக்கு அது தெரியவில்லை. என்ன அது, எப்படி இருக்கும், எப்படிக் கிழியாமல் எடுப்பீர்கள் என்று திருப்பி என்னைக் கேட்டார். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். வெளியே காத்திருந்தவர்கள் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தார்கள்.

"நீங்க நெட்டியை முழுசா எடுத்துடுவீங்க. நான் இதை எடுக்க முடியாது மல்லிகாம்மா. இந்தப் பையோட சுவத்துலயே நரம்பு ஓடுது. எலும்பைக் கொஞ்சம் திறந்து, பையில துளை போட்டுத் தண்ணிய வடிச்சிட்டு, சுவரைச் சுருக்கித் தைச்சு, மறுபடி நிரம்பாம இருக்க உங்க உடம்புலேருந்தே கொஞ்சம் கொழுப்பெடுத்துப் பக்கத்துல அடைச்சு வைப்பேன்."

"அது இவளுக்கு நெறய கீது டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். அத்தனை கவலையிலும் அந்த அறையில் எல்லாரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து, கிழித்துப்போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கேள்விகளாக எழுதினேன். நரம்பில் கை பட்டால் என்ன ஆகும்? மரத்துப்போன இடத்துக்கு உணர்வு திரும்புமா? ஒண்ணுக்குக் கட்டுப்பாடு இன்னும் மோசமாகுமா? இதுவும் திரும்பி வருமா? டாக்டரம்மா ஒன்றைக்கூடத் தட்டிக்கழிக்கவில்லை. மோசமாகவும் ஆகலாம் என்றார். திரும்பி வரவும் வாய்ப்புண்டு என்றார். "உணர்வு வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. லேட் பண்ணா வர்ற சான்ஸ் குறையும். அது மட்டும் நிச்சயம்."

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் மலை ஏறினேன். செல்வி நந்தியாவட்டையும் அரளியும் வாங்கி வைத்திருந்தாள். "இப்ப கத்திக்குக் கேளுக்கா" என்றாள். நான் இரண்டையும் பிரித்து சாமிக்கே போட்டுவிட்டேன். ஆமாம் இல்லை என்று ஒரு பூ சொல்லிவிடும். எனக்கு அன்றைக்கு அது போதவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சன்னதியில் இப்படித்தான் வேண்டினேன்:

"முருகா, கேக்க வேண்டியதெல்லாம் டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். உன்னாண்ட ஒண்ணே ஒண்ணுதான். அந்தம்மா கை கூட இரு."

சித்திரை பிறந்ததுமே ஆபரேஷன். பல மணி நேரம் ஆனது என்று பிறகு சொன்னார்கள். கண் விழித்ததும் கால் விரலை அசைக்கச் சொன்னார்கள். அசைந்தது. சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்ததால் முக்கியமான விஷயம் தெரியவில்லை. மறுநாள் டாக்டரம்மா வந்தார். நான் விடுவேனா? உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

பெரிய பைக்குப் பின்னால் இன்னொரு பை ஒளிந்திருந்ததாம், பழைய படத்தில் அது சரியாகத் தெரியவில்லையாம். ஊசி போட்டிருந்தாலும் அது அப்படியே இருந்திருக்கும் என்றார். என் உடம்பு புல்லரித்தது. பிறகு அவராகவே ஒன்று சொன்னார்.

"நரம்பு வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு மெஷின் வெச்சிருப்போம். சின்னப் பையைத் தைக்கும்போது அது சிக்னல் குறையுதுன்னு காட்டுச்சு. கையை எடுத்துட்டு நின்னேன்."

"எவ்ளோ நேரம் டாக்டர்?"

"பார்க்கல. திரும்ப வர்ற வரைக்கும் நின்னேன். அப்புறம் தையலைக் கொஞ்சம் தளர்த்திப் போட்டேன்."

"அப்படி நிக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சா?"

அவர் சிரித்தார். "தோணறது இல்லம்மா. அதுதான் முறை."

முறையாகவே இருக்கட்டும். நான் அந்தக் கையோடு இருக்கச் சொல்லித்தானே கேட்டேன்? கை என்றால் வெட்டுகிற கை, தைக்கிற கை என்றே நினைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு சும்மா நிற்கிற கையும் அதில் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை. முருகனுக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டரம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் கோடிக் கும்பிடு.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். நர்ஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தேன், காத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி குடித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா ஏதோ பேச்சுக் கொடுத்தார், காதில் ஏறவில்லை. என் கவனமெல்லாம் அடிவயிற்றில்தான் இருந்தது. இப்படியே போய்விட்டால் கரையில் எப்படி நிற்பேன், பஸ்ஸில் எப்படிப் போவேன், மலைக்கு எந்த முகத்தோடு ஏறுவேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலுக்கு வந்த நேரம், அடிவயிற்றில் லேசாக முட்டியது. இல்லை, பிரமை என்று நினைத்தேன். மறுபடி முட்டியது. அடக்கிப் பார்த்தேன். அடங்கியது!

"யோவ்! ஒண்ணுக்கு வருதுய்யா! எனக்குத் தெரியுதுய்யா!" என்று கத்திவிட்டேன்.

வார்டே திரும்பிப் பார்த்தது. வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கிளாஸோடு ஓடி வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் அதை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டுத் தேம்பி அழுதார். முப்பது வருஷக் கடல்காரர். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊரப்பாக்கத்தில் இருக்கிற என் தங்கை வீட்டில் ஆறு வாரம் படுத்திருந்தேன். உட்கார உடனே விடவில்லை. முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து, அப்புறம் கால் மணி. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி ஆகிவிடும். இடது குதிகாலில் இன்னும் உணர்வு இல்லை. சில நாள் சாயங்காலம் இடுப்பு கனக்கும். போன மாதம் எடுத்த படத்தில் பெரிய பை சுருங்கியிருக்கிறது, சின்னது கண்ணிலேயே படவில்லை. "இனி வராதா டாக்டர்?" என்று கேட்டேன். "தெரியாதும்மா, பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளிடம்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

இப்போது கரையில் எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. மீன் வாங்க வருகிற பெண்கள் காதோடு காதாக ஏதாவது வலியைச் சொல்வார்கள். மூலம் என்று நானாக முடிவு கட்டுவதில்லை. டாக்டரிடம் போ, கூச்சப்படாமல் இடத்தைச் சொல், தாளில் எழுதிக்கொண்டு போ என்கிறேன். பயமாக இருந்தால் கூடவே போகிறேன். இரண்டு பேரோடு போய்விட்டு வந்தாயிற்று.

அடியார்களே, உங்களுக்கும் நான் அதையேதான் சொல்வேன். கந்தனை நம்புங்கள். அவனிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், கோபித்துக்கொண்டுகூடக் கேளுங்கள், அவன் தப்பாக நினைக்க மாட்டான். அவன் ஒரு கதவைச் சாத்தினால் எந்தக் கதவைச் சாத்தினான் என்று நின்று பாருங்கள். எல்லாக் கதவையும் நீங்களே போய்ச் சாத்திவிடாதீர்கள். நான் சாத்தினேன். அந்த இரண்டு மாதம் போனது போனதுதான், என் குதிகால் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

போன ஐப்பசிக் கிருத்திகைக்கு மலைக்குப் போனேன். அபிஷேகம் தொடங்கும் முன்பே இடம் பிடித்து, கல் தரையில் மெதுவாகக் கையூன்றி உட்கார்ந்தேன். பால், தயிர், தேன், பஞ்சாமிர்தம் எல்லாம் ஆனது. சந்தன அலங்காரம் ஆனது. எரியவில்லை. வெட்டவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. தீபாராதனை காட்டி முடித்ததும் கூட்டம் கலைந்தது. பிரசாதம் வாங்கப் போன செல்வி திரும்பி வந்து என் தோளைத் தொட்டாள்.

"எந்திரிக்கா, நடை சாத்தப் போறாங்க."

"இரு செல்வி" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."